பூட்டிய அலமாரியைத் திறந்துவிடுங்கள்: காஞ்சிபுரத்து இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் ஒரு சிறிய படம் இருக்கிறது. போரான்-12 பீட்டாச் சிதைவடைந்து கார்பன்-12 ஆகிறது. ஒரு வழியில் நேராக அடிநிலைக்கு இறங்கிவிடுகிறது. இன்னொரு வழியில் கார்பனின் கிளர்ச்சி நிலையில் வந்து நின்று, 4.4 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒரு காமாக் கதிரை விட்ட பிறகே அடிநிலைக்கு வருகிறது. அந்தப் படத்தின் முன் நீங்கள் எத்தனை நிமிடம் நிற்கிறீர்கள்? பெரும்பாலான வகுப்புகளில் அரை நிமிடம்கூட இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், உங்களிடம் படித்து வந்த பிள்ளைகளுக்கும் தெரியும். மார்ச் தேர்வு நெருங்கிவிட்டது, பாடம் கடைசிப் பாடங்களில் ஒன்று, வரும் கேள்வி அரை ஆயுட்காலக் கணக்கு. காரணங்கள் எனக்கும் புரிகின்றன. ஆனாலும் அந்த அரை நிமிடத்தில் எதைக் கடந்துபோகிறீர்கள் என்பதை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் வகுப்பில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் தறியில் ஓடும் பட்டு ஒரு புரதம். புரதம் கார்பன் இல்லாமல் இல்லை. அந்தக் கார்பன் அத்தனையும் ஏதோ ஒரு விண்மீனுக்குள் மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்து பிறந்தது. சேர்வது எளிதான காரியம் இல்லை. இரண்டு ஹீலியம் சேர்ந்து வரும் பெரிலியம்-8 பிறந்த வேகத்தில் உடைந்துவிடும். அதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டுமானால், கார்பன்-12-இல் சரியான ஆற்றலில் ஒரு கிளர்ச்சி நிலை இருந்தே தீர வேண்டும் என்று பிரெட் ஹாயில் 1953-இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் வாதிட்டார். வார்டு வேலிங்கும் சகாக்களும் ஆய்வுக்கூடத்தில் தேடினார்கள். ஏறத்தாழ 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் அந்த நிலை இருந்தது. அங்கே ஏறும் கார்பன் கருக்களில் பத்தாயிரத்துக்கு நான்கு என்ற அளவில்தான் உடையாமல் அடிநிலைக்கு வந்து சேருகின்றன. மற்றவை மறுபடி ஹீலியமாகச் சிதறிவிடுகின்றன. வந்து சேருகிறவை பெரும்பாலும் இரண்டு காமாக் கதிர்களை அடுத்தடுத்து விடுகின்றன: முதலில் 3.2, பிறகு 4.4. உங்கள் பாடப்புத்தகப் படத்தில் இருக்கும் அதே 4.4 தான். பட்டும், அதை நெய்கிற கையும் உண்டாவதற்கு வழிவிட்ட கிளர்ச்சி நிலைகள் இவை. இதை ஒரு பிள்ளைக்குச் சொல்லாமல் அரை ஆயுட்காலக் கணக்குக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அணுவின் ஆற்றல் மட்டங்களை நீங்கள் நன்றாகவே நடத்துகிறீர்கள். போர் மாதிரி, ஹைட்ரஜன் வரிசைகள், சோடிய ஆவி விளக்கு, நிறமாலைமானி பிராக்டிக்கல், ரெக்கார்டு நோட்டு, எக்ஸ்டர்னல் வந்து கேட்கும் கேள்வி என்று எல்லாம் இருக்கின்றன. ஒளியைப் பார்த்துப் பொருளை அறியலாம் என்பது அந்தப் பிள்ளைகளுக்குக் கைப்பழக்கத்தில் வந்துவிடுகிறது. நம் ஊருக்கே அது வந்துவிட்டது. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி சொல்வதை வாங்குகிறவரும் விற்கிறவரும் ஏற்றுக்கொள்கிறார்கள். அந்த எக்ஸ்ரே அணுவின் உள்வட்ட எலக்ட்ரான்களிலிருந்து வருவது. அதற்கும் உள்ளே, அணுவைவிடப் பதினாயிரம் மடங்குக்கும் மேல் சிறியதாக இருக்கும் கருவுக்கும் தனக்கென்று ஆற்றல் மட்டங்கள் உண்டு. அதுவும் ஒளி விடும். அந்த ஒளியைப் பிரித்து எண்ணினால் எந்தக் கரு என்று பெயர் சொல்லிவிடலாம். இந்தக் கதவின் முன் வந்துதான் நீங்கள் நின்றுவிடுகிறீர்கள். ஒரு ஜி.எம். கவுன்டரை வைத்து, மின்னழுத்தம் ஏற்றி, சமதளப் பகுதி வரைந்து முடித்துவிட்டால் அணுக்கருப் பிராக்டிக்கல் முடிந்தது. அந்தக் கெய்கர் கருவி எண்ணும். என்ன ஆற்றலில் வந்தது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. நிறமில்லாமல் ஒளியைக் கற்பிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நான் படித்த கல்லூரியில், பெயர் வேண்டாம், ஒரு சோடியம் அயோடைடு டிடெக்டர் இருந்தது. பச்சைத் துணி போர்த்திக் கண்ணாடி அலமாரியில் பூட்டியிருந்தார்கள். ஆய்வுக்குழு வரும் நாளில் மேசைக்கு வரும். மறுநாள் அலமாரிக்குப் போய்விடும். பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும் என்றார்கள். தொடாமலே அதன் படிகத்தில் ஈரம் ஏறி மஞ்சளித்துப் போனது. என்னோடு படித்தவர்களில் ஒருவர்கூட அதில் ஒரு நிறமாலை எடுத்ததில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. இப்போது உங்கள் துறைகளிலும் அப்படி ஓர் அலமாரி இருக்குமோ என்ற பயம்தான் இந்த மடலில் பாதி.

சரி, அந்தக் கருவி திறந்திருந்தால் என்ன கிடைக்கும் என்று பேசுவோம்.

யூரோப்பியம்-152 என்ற சோர்ஸ் முதுகலை ஆய்வுக்கூடங்களில் பழக்கமானது. பல ஆற்றல்களில் கதிர் விடுவதால் கருவியை அளவுதிருத்தம் செய்ய அதை எடுப்பார்கள்; எண்களை அட்டவணையில் எழுதுவார்கள்; கோடு வரைவார்கள்; டப்பாவை மூடுவார்கள். அந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். யூரோப்பியம்-152 இரண்டு வழியாகச் சிதைகிறது. பெரும்பகுதி சமேரியம்-152 ஆகிறது. மீதி கடோலினியம்-152 ஆகிறது. கதிர் விடுவது யூரோப்பியம் இல்லை, இந்த இரண்டின் கிளர்ச்சி நிலைகளே. சமேரியத்தின் முதல் கிளர்ச்சி நிலை 121.8 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது. அதற்கு மேலுள்ள, கோண உந்தம் 4 கொண்ட நிலை 366.5-இல். நிறமாலையில் தெரியும் 121.8, 244.7 என்ற இரண்டு முகடுகளைக் கூட்டினால் அந்த 366.5 வந்துவிடும். இப்போது 366.5-ஐ 121.8-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 3.01 வரும். கடோலினியத்துக்கு வாருங்கள்: முதல் நிலை 344.3, அடுத்த 411.1 கதிரையும் கூட்டினால் 755.4. வகுத்தால் 2.19.

இரண்டும் நிறை எண் 152. இரண்டிலும் அதே எண்ணிக்கையில் நியூக்ளியான்கள். ஆனால் சமேரியத்தின் இரண்டு நியூட்ரான்களுக்குப் பதில் கடோலினியத்தில் இரண்டு புரோட்டான்கள் இருப்பதால் சமேரியம் நீண்டு, மொத்தமாகச் சுழலும் உருவம் கொண்டுவிட்டது; கடோலினியம் ஏறக்குறைய உருண்டையாக இருந்து அதிர்கிறது. கட்டிப்பட்ட உடல் சுழன்றால் அந்த விகிதம் 3.33 ஆக இருக்க வேண்டும், உருண்டை அதிர்ந்தால் 2 என்று குவாண்டம் இயற்பியல் சொல்கிறது. ஓகே போர், பென் மாட்டெல்சன், ஜேம்ஸ் ரெயின்வாட்டர் மூவருக்கும் 1975-இல் நோபல் பரிசு கிடைத்தது இப்படிக் கரு மொத்தமாக இயங்குவதையும் அதில் நியூக்ளியான்கள் தனித்தனியே நகர்வதையும் இணைத்துக் காட்டியதற்குத்தான். பரிசு வாங்கிய அந்தக் கருத்து உங்கள் ஆய்வுக்கூட மேசையில், ஒரு சின்ன வில்லைக்குள் இருக்கிறது. நான்கு முகடுகள், இரண்டு கூட்டல், இரண்டு வகுத்தல். மனிதன் ஒருபோதும் கண்ணால் காண முடியாத ஒரு பொருளின் வடிவத்தை இருபது வயதுப் பெண் ஒருத்தி தன் கையால் கணித்துவிடலாம். அளவுதிருத்தம் முடிந்தது என்று டப்பாவை மூடும்போது நீங்கள் மூடிவைப்பது இதை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சோடியம் அயோடைடு டிடெக்டரில் 121.8-ம் 244.7-ம் 344.3-ம் தனித்தனி மேடாகத் தெரியும். 411 வலுவில்லாதது, பக்கத்திலிருக்கும் 444-உடன் கலந்து போய்விடும். அதைப் பிரித்தெடுக்கத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்த தூய ஜெர்மானியம் வேண்டும். சோடியம் அயோடைடு சில பத்து கிலோ எலக்ட்ரான் வோல்ட் அகலத்துக்குப் பரப்பிக் காட்டுவதை ஜெர்மானியம் இரண்டே கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் ஊசிபோல் நிறுத்தும். இப்படி ஒரு போதாமையைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொள்வது நல்லது. 'இதைப் பிரிக்க இன்னும் நல்ல கண் வேண்டும், அது எங்கே இருக்கிறது?' என்று கேட்டுக்கொண்டு ஒரு மாணவர் உங்களிடம் வந்தால், அவர் ஆய்வாளராகிவிட்டார்.

எங்கே இருக்கிறது என்றால், பக்கத்திலேயே இருக்கிறது. கல்பாக்கம் 2019 வரை நம் மாவட்டத்தில்தான் இருந்தது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் காமினி என்று ஓர் ஆய்வு உலை 1996-இல் இயங்கத் தொடங்கியது. வெறும் 30 கிலோவாட், எரிபொருள் தோரியத்திலிருந்து கிடைத்த யுரேனியம்-233. ஒரு மாதிரியை அதன் நியூட்ரான்களில் வைத்து எடுத்து, பிறகு அது விடும் காமாக் கதிர்களை ஜெர்மானிய டிடெக்டரில் எண்ணி, அதில் எந்தெந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் அணுக்கரு இயற்பியலுக்கென்றே ஒரு துறை உண்டு. காலையில் பேருந்து ஏறினால் மாலையில் வீடு திரும்பக்கூடிய தூரம்தான் இரண்டும். உங்கள் துறையிலிருந்து கடைசியாக எப்போது ஒரு வகுப்பு அங்கே போனது?

அதற்கு அப்பால் இன்னும் பெரியது ஒன்று இருக்கிறது. அதன் பெயரையே கேள்விப்படாமல் இயற்பியல் பட்டம் வாங்கிப் போகிறார்கள் நம் பிள்ளைகள். இந்திய தேசிய காமா அணி. அந்தப் புலத்தில் இருப்பவர்கள் 'இங்கா' என்பார்கள். மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், புதுதில்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம், கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையம், இவற்றோடு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து டிடெக்டர்களைப் பொதுவில் வைத்து உண்டாக்கியது. ஓர் ஊரில் சில காலம் நின்று வேலை செய்யும், பிறகு இன்னோர் ஊரின் முடுக்கிக்குப் போகும். முழு அளவில் 24 'குளோவர்' டிடெக்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரே குளிர்கலத்துக்குள் நான்கு ஜெர்மானியப் படிகங்கள். சிதறித் தப்பும் கதிர்களை அடையாளம் கண்டு ஒதுக்க ஒவ்வொன்றையும் சுற்றி பிஸ்மத் ஜெர்மனேட் கவசம்.

அங்கே நடப்பது இதுதான். முடுக்கியிலிருந்து வரும் கன அயனிக் கற்றை ஒரு மெல்லிய உலோகத் தகட்டில் மோதுகிறது. இரண்டு கருக்கள் ஒன்றாகி, சில நியூட்ரான்களை உதறிவிட்டு, மிக வேகமாகச் சுழலும் ஒரு புதிய கருவாக நிற்கிறது. அந்தச் சுழற்சியைக் குறைக்க அது அடுத்தடுத்து இருபது முப்பது காமாக் கதிர்களை விடுகிறது. எல்லாம் ஒரு கண நேரத்துக்குள். எது எதற்கு முன்னால் வந்தது, எது எதோடு ஒரே தொடரில் வந்தது என்று கண்டுபிடித்தால்தான் ஆற்றல் மட்டப் படம் வரைய முடியும். இதை நம் ஊரில் விளக்குவது வேறெங்கும் விளக்குவதைவிட எளிது. பாவு இழைகள் எல்லாம் ஒரு கதிரின் ஆற்றல், ஊடை இழைகள் எல்லாம் அதோடு ஒரே சமயத்தில் வந்த இன்னொரு கதிரின் ஆற்றல் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு கதிர்கள் சேர்ந்து வரும் ஒவ்வொரு முறையும் அந்தப் பாவும் அந்த ஊடையும் வெட்டும் இடத்தில் ஒரு புள்ளி விழுகிறது. பல நாள் இரவு பகலாக ஷிஃப்ட் போட்டு எண்ணினால் கோடிக்கணக்கான புள்ளிகள். பிறகு ஒரே ஒரு பாவு இழையைப் பிடித்து, அதில் எந்தெந்த ஊடையில் புள்ளி அடர்ந்திருக்கிறது என்று பார்த்தால், அந்தக் கதிரோடு ஒரே தொடரில் வந்தவை மட்டும் தனியே நிற்கும்; மற்ற இரைச்சல் விலகிவிடும். இழை இழையாக இப்படிப் பிடித்துத்தான் ஒரு கருவின் முழு மட்டப் படத்தையும் வரைகிறார்கள்.

இந்த வழியில்தான் 1986-இல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரி ஆய்வகத்தில் பீட்டர் ட்வின் குழுவினர் டிஸ்ப்ரோசியம்-152-இல் ஒன்றைக் கண்டார்கள். ஏறத்தாழ 47 கிலோ எலக்ட்ரான் வோல்ட் சம இடைவெளியில் வரிசையாக நிற்கும் முகடுகள். கரு தன் அகலத்தைப்போல் இருமடங்கு நீளத்துக்கு நீண்டு சுழல்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. இங்காவில் இந்திய மாணவர்கள் கருக்களின் வடிவம் பற்றியும் அவை சுழலும் விதம் பற்றியும் அளந்தவை உலக ஆய்விதழ்களில் வந்திருக்கின்றன. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்மொழிவு எழுதிக் கற்றை நேரம் கேட்கலாம். குழு ஏற்றால் கட்டணமில்லை. வங்காளத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் எத்தனையோ மாணவர்கள் அந்த ஷிஃப்டுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்துக் குரல் ஒன்றை அங்கே நான் கேட்டதில்லை. அதற்குக் காரணம் அறிவுக் குறைவு என்று யாரும் சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அப்படி ஒன்று இருப்பதாக அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்தக் கல்வி நம் ஊருக்கு வேண்டும். அண்ணா பிறந்த ஊர் இது. புற்றுநோய்தான் 1969 பிப்ரவரியில் அவரைக் கொண்டுபோனது. அதே ஆண்டு அவர் பெயரில் காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை வந்தது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து நோயாளிகள் அங்கே வருகிறார்கள். 'கரண்ட் வைக்கிறார்கள்' என்று சொல்லிக்கொண்டு நம் தெருக்களிலும் எத்தனையோ வீடுகளில் அந்தக் கதிர்ச் சிகிச்சை முடித்துத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். திரும்பியவரின் மடியில் பேரப்பிள்ளையை உட்காரவிடாமல் தூக்கிக்கொண்டு போகும் குடும்பங்களையும் நான் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து கதிர் கொடுத்த நோயாளியின் உடலில் கதிரியக்கம் தங்குவதில்லை என்று அந்த வீட்டுக்கு யார் சொல்வது? கோபால்ட் இயந்திரத்தில் இருப்பது கோபால்ட்-60; அது நிக்கல்-60 ஆக மாறி, அந்த நிக்கலின் கரு 2506 கிலோ எலக்ட்ரான் வோல்ட் நிலையிலிருந்து 1332-க்கும், 1332-லிருந்து அடிநிலைக்கும் இறங்கும்போது வருகிற 1173, 1332 என்ற இரண்டு கதிர்கள்தான் கட்டியைத் தாக்குகின்றன. இயந்திரத்தின் கதவு மூடியதும் நோயாளிமேல் கதிர் விழுவது நின்றுவிடும். எலும்பு ஸ்கேனுக்கு ஊசிவழி போடும் டெக்னீசியம் வேறு விஷயம். அது கிளர்ச்சி நிலையிலேயே சில மணி நேரம் தங்கியிருக்கும் கரு. அரை ஆயுட்காலம் 6 மணி. 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் விட்டபடி இறங்கும். அதற்கு அன்று ஒரு நாள் குழந்தைகளைத் தள்ளி வைக்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்த ஒரு கல்லூரிப் பெண் ஒரு தெருவில் இருந்தால் போதும், அந்தத் தெருவில் ஒரு பாட்டி தனித்து விடப்பட மாட்டாள். கல்பாக்கம் பற்றிய பேச்சுக்கும் இது பொருந்தும். ஆதரிப்பவரானாலும் எதிர்ப்பவரானாலும், அளந்து பார்த்துப் பேசத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் வேண்டும்.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். கதிரியக்க சோர்ஸ் வாங்க விதிமுறைகள் உண்டு, பாதுகாத்து வைக்கும் பொறுப்பு உண்டு, யாரும் கையெழுத்துப் போட முன்வருவதில்லை. விதிமுறைகள் இருக்கத்தான் வேண்டும். அவற்றைச் சுற்றிப்போகச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் நிறமாலைக்கு எந்த சோர்ஸும் தேவையில்லை. உரக்கடைக்குப் போய் ஒரு கிலோ பொட்டாஷ் வாங்கி வரச் சொல்லுங்கள். நம் வயல்களில் போடும் அதே பொட்டாஷ். அதில் ஏறக்குறைய பாதி எடை பொட்டாசியம். பொட்டாசியத்தில் பத்தாயிரத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேல் பொட்டாசியம்-40. அந்த ஒரு கிலோவில் நொடிக்குச் சுமார் 15,000 கருக்கள் சிதைகின்றன. பத்தில் ஒன்று ஆர்கான்-40-இன் கிளர்ச்சி நிலைக்கு வந்து 1461 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரை விடும். பையை டிடெக்டரை ஒட்டி வைத்து, துடிப்புகளை ஆற்றல்வாரியாகப் பிரித்து எண்ணும் எம்.சி.ஏ.-வை ஓடவிட்டால், முதல் பாடவேளை முடிவதற்குள் 1461-இல் மேடு எழும்பத் தொடங்கும். ஆர்கானின் கருவைப் பார்த்துவிட்டார்கள். அதே பொட்டாசியம் பார்க்கிறவர் உடலிலும் இருக்கிறது, நொடிக்கு நாலாயிரம் போலச் சிதைகிறது என்று அப்போது சொல்லுங்கள். கதிரியக்கம் என்றதும் வரும் கலவரம் அந்த மேசையிலேயே அடங்கும்.

பிறகு பையில் நம் கடற்கரை மணலைக் கொண்டுவாருங்கள். கல்பாக்கம் பக்கத்துக் கரையில் மோனசைட் கலந்திருக்கிறது, அதில் தோரியம். தோரியத்தின் வம்சத்தில் கடைசிக் கண்ணிகளுள் ஒன்றான தாலியம்-208, ஈயம்-208 ஆகும்போது 2614-இல் ஒரு முகடு வரும். சூழலில் காணும் இயற்கை முகடுகளில் மிக உயர்ந்த ஆற்றலில் நிற்பவற்றுள் ஒன்று. ஏன் அவ்வளவு உயர்ந்த ஆற்றல்? ஈயம்-208-இல் 82 புரோட்டான், 126 நியூட்ரான். இரண்டுமே மாய எண்கள். இறுக்கமாக மூடிய கூடுகள். அதைக் கிளறவே அவ்வளவு ஆற்றல் வேண்டியிருக்கிறது. மரியா கெப்பர்ட் மேயர் 1949-இல் அந்தக் கூடு மாதிரியை எழுதினார், 1963-இல் நோபல் பெற்றார். பல ஆண்டுகள் சம்பளமில்லாமல் பல்கலைக்கழகங்களில் வேலை செய்த பெண் அவர். நம் கடற்கரை மணலில் அவருடைய கொள்கைக்கான சாட்சியை நம் பெண்பிள்ளைகள் எடுத்துப் பார்க்க வேண்டாமா?

கைலாசநாதர் கோவிலையும் நினைத்துப் பாருங்கள். ராஜசிம்மன் எழுப்பியது, அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். இரண்டு கல்லிலும் பொட்டாசியம், தோரியம், யுரேனியம் ஒரே அளவில் இருக்கவில்லை என்றால் காமா நிறமாலை அதைக் காட்டிவிடும். கல்லைத் தொட வேண்டாம், சுரண்ட வேண்டாம். தொல்லியல் துறையிடம் எழுதி அனுமதி வாங்கி, கையடக்கக் கருவியைப் பக்கத்தில் வைத்து எண்ணினால் போதும். எவ்வளவு வேறுபடுகிறது என்று நான் சொல்லப்போவதில்லை. மாணவர்கள் அளந்து சொல்லட்டும்.

பணம் என்ற பதிலுக்கு வருகிறேன். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே வாங்க முடியாது என்பது உண்மை. ஜெர்மானிய டிடெக்டரைப் பற்றி நான் கேட்கவே இல்லை. ஒரு சோடியம் அயோடைடு டிடெக்டர், ஒரு எம்.சி.ஏ., ஈயக் கற்கள், ஒரு கணினி. இங்காவை எப்படி உண்டாக்கினார்கள் என்று மேலே எழுதினேன். தனித்தனியே யாரிடமும் போதுமான அளவு இல்லாததால் பொதுவில் வைத்தார்கள். தேசத்தின் பெரிய நிறுவனங்களே அப்படிச் செய்யும்போது நம் ஊர்க் கல்லூரிகள் தயங்குவானேன்? தில்லி முடுக்கி மையத்தின் 'பீனிக்ஸ்' திட்டம் கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கென்றே குறைந்த செலவில் கருவிகளை வடிவமைத்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்து வந்திருக்கிறது. எழுதிக் கேளுங்கள்.

நேரமில்லை, பாடத்திட்டத்தில் இல்லை என்பவர்களுக்கு ஒன்று மட்டும். இயற்பியல் இடங்கள் நிரம்புவதில்லை என்று வருந்துகிறீர்கள். தறியை விட்ட வீடுகளின் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனிப் பேருந்தில் போகிறார்கள் என்று வருந்துகிறீர்கள். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆனால் மூன்று ஆண்டு இயற்பியல் படித்த ஒருவருக்கு இன்னொரு வழியும் திறந்திருந்தது என்பதைக் காட்டாமல் அனுப்பிவைத்தது யார்? டிடெக்டர் தெரிந்த பட்டதாரிக்குக் கதிர்மருத்துவத்தில், துறைமுகச் சுங்கச் சோதனையில், சுற்றுச்சூழல் கண்காணிப்பில், அணுமின் நிலையங்களில் வேலை உண்டு. ஆய்வுக்குப் போகிறவருக்கு உதவித்தொகை உண்டு. பொறுமையாக, வரிசை தப்பாமல், மணிக்கணக்கில் நுணுக்கம் பார்க்கும் பயிற்சி வீட்டிலேயே வாய்த்த பிள்ளைகள் இவர்கள். இந்தத் துறைக்கு வேண்டியதும் அதுதான்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வரும் கல்வியாண்டு தொடங்கும் முன், பச்சையப்பன் கல்லூரிகள் இரண்டும், ஏனாத்தூர்ப் பக்கத்துக் கல்லூரிகளும், ஊரிலுள்ள மற்றக் கல்லூரிகளும், மேல்நிலைப் பள்ளிகளின் இயற்பியல் ஆசிரியர்களும் ஒரு சனிக்கிழமை ஓரிடத்தில் கூடுங்கள். காஞ்சிபுரத்துக்கு என்று பொதுவாக ஒரு காமா நிறமாலை ஆய்வுக்கூடம் தொடங்க முடிவெடுங்கள். எந்தக் கல்லூரியில் வைப்பது என்பதில் போட்டி வேண்டாம். பேருந்து நிலையத்திலிருந்து பிள்ளைகள் எளிதில் வந்துபோகும் இடமாக இருந்தால் போதும். உங்கள் அலமாரிகளில் ஏற்கெனவே இருப்பதை முதலில் பட்டியல் எடுங்கள். பழுதானது எது, ஓடுவது எது என்று பாருங்கள். ஓடுவது ஒன்று இருந்தாலும் அதை வைத்தே தொடங்கலாம். வாரத்தில் ஒரு நாள் ஒரு கல்லூரிக்கு, சனிக்கிழமை முழுதும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. சாவி ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. பிள்ளைகள் கருவியைத் தொட வேண்டும், மின்னழுத்தம் ஏற்ற வேண்டும், தவறாக அளவுதிருத்தம் செய்து திருத்திக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை அந்தப் பிள்ளைகளைக் கிண்டிக்கோ கல்பாக்கத்துக்கோ கூட்டிப்போய், தாங்கள் பிரிக்க முடியாமல் விட்ட 411-ஐ ஜெர்மானியத்தில் பார்க்க வையுங்கள்.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன். அழைப்பு வேண்டாம், தேதி சொன்னால் போதும். ஆய்வுக்கூடம் அமைந்தால் முதல் ஆண்டு முழுதும் சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நிறமாலை எடுக்கச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறேன். பொட்டாஷ் பையை நானே வாங்கி வருகிறேன்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
பிள்ளையார்பாளையத்தில் பிறந்த ஓர் அணுக்கரு இயற்பியல் ஆய்வாளர்